15,100 கிலோமீட்டருக்கு அப்பால் மகன்: ‘எப்ப எடுக்கிறது’ என்ற கணக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரிப் படுகையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அழுகை ஓய்வதற்கு முன்பே வாசலில் எழும் கேள்வி, “எப்ப எடுக்கிறது?” என்பதுதான். பந்தல்காரர், ஐஸ் பெட்டிக்காரர், பூப்பல்லக்கு கட்டுகிறவர், பறை அடிக்கிறவர்கள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற அச்சகம், திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிளம்பக் காத்திருக்கும் சொந்தக்காரர்கள் என்று அத்தனை பேருக்கும் ஒரு நேரம் சொல்லியாக வேண்டும். பிள்ளை உள்ளூரில் இருந்த காலத்தில் பங்காளிகள் கூடி ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தார்கள். இன்றைக்கு அந்த நேரம் பிள்ளை ஏறப்போகும் விமானத்தின் கையில் இருக்கிறது.

கும்பகோணத்தில் விமான டிக்கெட் போடும் தொழிலில் இருப்பவன் நான். இப்படிப்பட்ட அழைப்புகள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் வரும். அவற்றில் ஒன்றை இங்கே முழுதாக எழுதுகிறேன். குடும்பத்தாரின் ஒப்புதல் உண்டு. அடையாளம் தெரியும் விவரங்களை விட்டிருக்கிறேன். இரண்டு ஊருக்கு நடுவில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று போனில் தட்டினால் வரும் எண்ணை நம்பி ஒரு குடும்பம் எடுக்கவிருந்த முடிவு, அந்த மகனை அப்பாவின் முகம் பார்க்க விடாமல் செய்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது

பொங்கல் முடிந்த வாரம். பாபநாசத்துக்கும் சுந்தரப்பெருமாள்கோவிலுக்கும் நடுவில் ஒரு கிராமம். வியாழக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குப் பெரியவர் தவறிவிட்டார். இளைய மகன் ஊரிலேயே விவசாயம் பார்க்கிறார். மகளைத் தஞ்சாவூரில் கொடுத்திருக்கிறார்கள். மூத்தவர் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், டல்லஸை ஒட்டிய ஃப்ரிஸ்கோவில் குடும்பத்தோடு இருக்கிறார். இங்கே வியாழன் காலை நாலரை என்றால் அங்கே புதன்கிழமை மாலை 5 மணி. குளிர்காலத்தில் டல்லஸ் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும்; அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் கோடைக் காலத்தில் பத்தரை மணி நேரம்.

எனக்குப் போன் செய்தவர் வீட்டு மருமகன்.

“அண்ணே, மாமா தவறிட்டாங்க. பெரிய மச்சான் டல்லஸ்ல இருக்காரு. பதினேழு மணி நேரம்னு போன்ல காட்டுது. இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கெல்லாம் வந்துடுவாருல்ல? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எடுக்கிறதா போஸ்டருக்குச் சொல்லிட்டோம்.”

“மொதல்ல போஸ்டர நிறுத்துங்க மாப்ளே. நேரம் போடாம அடிக்கச் சொல்லுங்க. மச்சான் நம்பரக் குடுங்க, அரை மணி நேரத்துல நான் சொல்றேன்.”

அச்சகத்தில் தாள் ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போஸ்டர் நின்றது. ‘வெள்ளிக்கிழமை இறுதி ஊர்வலம்’ என்று மட்டும் அச்சானது.

பதினேழு மணி நேரம் எங்கிருந்து வந்தது

அந்த எண்ணில் பொய் எதுவும் இல்லை. அது எதை அளக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் போதும், எங்கே ஏமாறுகிறோம் என்பது தெரிந்துவிடும்.

கும்பகோணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரி, கிழக்குத் தீர்க்கரேகை 79 சொச்சம். டல்லஸ் வடக்கே 33 டிகிரி, மேற்குத் தீர்க்கரேகை 97. இரண்டு தீர்க்கரேகையையும் கூட்டினால் 176 சொச்சம். 180 என்றால் பூமி உருண்டையின் நேர் மறுபக்கம். ஆக, நம் ஊரிலிருந்து டல்லஸுக்கு மிகக் குறுகிய கோடு கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. நேராக வடக்கே ஏறி, இமயத்தைத் தாண்டி, சைபீரியாவைத் தாண்டி, வட துருவத்துக்குப் பக்கத்தில் போய், மறுபக்கம் கனடா வழியாக இறங்கும். பள்ளிக்கூட உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இது கண்ணுக்கே தெரியும். சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் தெரியாது.

இந்தத் தற்செயலால் தூரத்தைக் கணக்கிடுவதும் சுலபம். நம் ஊரிலிருந்து துருவத்துக்கு 90-இல் 11 போக 79 டிகிரி. துருவத்திலிருந்து டல்லஸுக்கு 90-இல் 33 போக 57 டிகிரி. மொத்தம் 136. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் 15,100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். வகுத்தால் பதினேழு மணி நேரம். மாப்பிள்ளையின் போன் காட்டியது இதைத்தான்.

அது எவ்வளவு பெரிய தூரம் என்றால், பயணிகளை ஏற்றிக்கொண்டு எங்கும் இறங்காமல் போகும் விமானங்களில் உலகிலேயே நீண்டது சிங்கப்பூர் – நியூயார்க் தடம். அது சுமார் 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். பாபநாசத்துக்கும் டல்லஸுக்கும் நடுவில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவு. ஆனால் அந்த நேர்கோட்டில் பறக்க விமானம் கிடையாது. சென்னையிலிருந்துகூட அமெரிக்காவின் எந்த நகரத்துக்கும் நேரடி விமானம் இல்லை. இருந்தாலும் இந்தக் கோட்டின் மேலேயே போக முடியுமா என்பது வேறு கேள்வி. ரஷ்ய வான்வெளி 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல நாட்டு நிறுவனங்களுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. துருவத்தை ஒட்டிப் போகும் விமானம், வழியில் ஒரு இன்ஜின் நின்றால் எந்த ஊரில் இறங்குவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். எரிபொருள் உறைந்துவிடாமலும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ வகை மைனஸ் 40 டிகிரியில் உறையத் தொடங்கும், மற்ற நாடுகளில் நிரப்பும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். காகிதத்தில் போடும் கோட்டுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

நம் பக்கத்து ஆட்கள் இந்த எண்ணை உடனே நம்புவதற்குக் காரணம் சிங்கப்பூர். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் வீட்டுக்கு வீடு சிங்கப்பூர் தொடர்பு உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நேரடி விமானம், நாலு மணி சொச்சம். காலையில் சேதி போனால் பிள்ளை ராத்திரிக்குள் வீட்டு வாசலில் நிற்பான். அந்தக் கணக்கு இங்கே பழகிப் போய்விட்டது. ‘அமெரிக்கா அஞ்சு மடங்கு தூரம், அப்ப இருபது மணி நேரம்’ என்று அதே வாய்ப்பாட்டை நீட்டிவிடுகிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜுலா கப்பல் போன காலத்தில் இந்தச் சங்கடமே இல்லை. சேதி போய், பிள்ளை கப்பலேறி வந்து சேருவதற்குள் கருமாதியே முடிந்திருக்கும். காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. காத்திருக்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் எவ்வளவு நேரம் என்பது இவ்வளவு வலிக்கிற கேள்வியாகியிருக்கிறது.

சனிக்கிழமை

வழி தேடத் தொடங்கும்போதே இன்னொரு கட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. இறந்தவரின் அண்ணன் போனை வாங்கிப் பேசினார். “சனிப் பொணம் தனிப் போகாதுப்பா. வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும். அவன் வர முடியலன்னா சின்னவன் கொள்ளி வைக்கட்டும்.” தை மாதத்தில் ஆறு மணி தாண்டியதும் பொழுது சாய்ந்துவிடும். குடமுருட்டிக் கரையில் இருக்கும் மயானத்துக்கு ஊர்வலம் போக வேண்டும் என்றால் நாலரை மணிக்காவது வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லி வாதாட எனக்கு அந்த நேரத்தில் உரிமை இல்லை, விருப்பமும் இல்லை. அண்ணனைப் பறிகொடுத்த வீட்டில் தம்பி எப்படி இருப்பாரோ அதே நிலையில்தான் தம்பியைப் பறிகொடுத்த இந்தப் பெரியவரும் இருந்தார். அவர் சொன்னது எனக்கு ஒரு கெடு. வெள்ளி பிற்பகல் 4 மணிக்குள் மூத்த மகன் வாசலில் இருக்க வேண்டும். வியாழன் விடிவதற்கு முன்பிருந்து கணக்கிட்டால் முப்பத்தைந்து மணி நேரம் சொச்சம் கையில் இருந்தது.

மூன்று வழிகள்

டல்லஸில் மகனைப் பிடித்தேன். அவரால் பேச முடியவில்லை. அவர் மனைவி போனை வாங்கினார். தூரத்தையோ கட்டணத்தையோ பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவருடைய பாஸ்போர்ட் இந்தியாவுடையதா அமெரிக்காவுடையதா, அங்கே நிரந்தரமாகத் தங்கும் க்ரீன் கார்டு இருக்கிறதா, பிள்ளைகளுக்கு ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) எடுத்தாகிவிட்டதா, வீட்டிலிருந்து விமான நிலையம் எவ்வளவு நேரம். முதலில் தெரிய வேண்டியவை இவைதான்.

மகனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், க்ரீன் கார்டு உண்டு. பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே பிறந்தவர்கள், அமெரிக்கப் பாஸ்போர்ட். பெரியவளுக்கு ஓ.சி.ஐ. இருக்கிறது, சின்னவனுக்கு இன்னும் எடுக்கவில்லை. அந்த அட்டையோ விசாவோ இல்லாமல் அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர் இந்தியாவுக்கு விமானம் ஏற முடியாது. டெக்சாஸுக்கு உரிய இந்தியத் துணைத் தூதரகம் ஹூஸ்டனில் இருக்கிறது. மாலை 5 மணிக்கு மேல் அங்கே கேட்டு வாங்கி அன்று ராத்திரியே கிளம்புவது நடக்காது. எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று அவர் மனைவி நினைத்துக்கொண்டிருந்தார். “தம்பி மட்டும் கிளம்பட்டும்மா, நீங்க பின்னாடி வாங்க” என்று சொல்வது சுலபமாக இல்லை. ஆனால் அதைப் பத்து நிமிடம் தள்ளிப் போட்டிருந்தால் அடுத்து வருகிற எதுவும் நடந்திருக்காது.

எல்லாரும் முதலில் பார்க்கிற வழி, டல்லஸிலிருந்து துபாய்க்கு நேராக, அங்கிருந்து சென்னை. முதல் கட்டம் சுமார் 12,900 கிலோமீட்டர், பதினைந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது 2,900 சொச்சம், நாலு மணி நேரம். ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும். மொத்தம் 15,900-க்குள் அடங்கிவிடுவதால் நேர்கோட்டைவிட அதிகம் சுற்றுவதில்லை. தூரத்தை வைத்துப் பார்த்தாலும் பயண நேரத்தை வைத்துப் பார்த்தாலும் இதுதான் சிறந்த வழி. தேடினால் மேலே வந்து நிற்பதும் இதுதான். ஆனால் அன்றைய விமானம் மதியமே போய்விட்டது. அடுத்தது வியாழன் பகல் 12 மணிக்கு. அதில் ஏறினால் சென்னையில் இறங்குவது வெள்ளி இரவு எட்டு மணிக்கு மேல், ஊர் வந்து சேர்வது சனி விடியற்காலை மூன்றரை. கெடு போய்விடும்.

இன்னொன்று, அன்று இரவே லண்டன் போய், சாயங்காலம் வரை அங்கே காத்திருந்து, மும்பை வழியாக வருவது. கூட்டிப் பார்த்ததில் வெள்ளி மாலை இருட்டும் நேரத்துக்குத்தான் ஊருக்குள் வர முடியும். அதையும் தள்ளிவிட்டேன்.

மூன்றாவது வழி பார்த்த மாத்திரத்தில் சுற்றாகத் தெரிந்தது. புதன் இரவு 9 மணிக்கு டல்லஸிலிருந்து லண்டன், சுமார் 7,600 கிலோமீட்டர். லண்டனிலிருந்து துபாய், 5,500. துபாயிலிருந்து சென்னை. இரண்டு இடத்தில் மாற வேண்டும். முதல் வழியைவிடத் தூரமும் அதிகம். ஆனால் இது பதினைந்து மணி நேரம் முன்னால் கிளம்புகிறது. சென்னையில் இறங்குவது வெள்ளி காலை எட்டே கால். இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் பார்ப்பது தூரத்தை அல்ல, அடுத்து எது கிளம்புகிறது என்பதை.

லண்டனில் விமானம் மாறுவதற்கு இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ட்ரான்ஸிட் விசா விதி உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ க்ரீன் கார்டோ இருந்தால் விலக்கு. நான் க்ரீன் கார்டைப் பற்றி முதலிலேயே கேட்டது இதற்காக. வேலை விசாவில் இருக்கும் பலருக்கு அமெரிக்காவில் தங்கும் அனுமதி இருக்கும், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதி முடிந்திருக்கும். அப்படிப்பட்டவரை லண்டன் வழியாக அனுப்புவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். டல்லஸ் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

வழியை நான் சொன்னேன், டிக்கெட்டை அவரே தன் கார்டில் எடுத்தார். கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போது கும்பகோணத்திலிருந்து பணம் கட்டி டிக்கெட் வெளியாகக் காத்திருப்பது ஆபத்து. மூன்று விமானமும் ஒரே பதிவு எண்ணில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரே பதிவாக இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக எடுத்தால் நடுவழியில் கேட்க ஆள் இல்லை. பெட்டி வேண்டாம், தோளில் மாட்டும் பை ஒன்று போதும் என்றும் சொன்னேன்.

அங்க மணி, இங்க மணி

பந்தலுக்குக் கீழே குழப்பம் வேறு மாதிரி வந்தது. டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் இருக்கும். புதன் இரவு 9-க்குக் கிளம்பி வெள்ளி காலை 8.15-க்கு இறங்குகிறார் என்பதைப் பார்த்து ஒருவர் முப்பத்தைந்து மணி நேரம் என்றார். இன்னொருவர், அங்கே இன்னும் புதன்கிழமைதானே, அப்படியானால் ஒரு நாள் லாபம் என்றார். உண்மையில் பதினொன்றரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். மீதி இருபத்து மூன்றே முக்கால்.

மாப்பிள்ளையிடம் ஒரு நோட்டு எடுத்து வரச் சொன்னேன். அவர் மகளின் பழைய கணக்கு நோட்டு. நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் ‘அங்க மணி’, வலப்பக்கம் ‘இங்க மணி’ என்று எழுதினார். டல்லஸில் கிளம்புவது, அங்க புதன் இரவு 9, இங்க வியாழன் காலை 8.30. லண்டனில் இறங்குவது, அங்க வியாழன் பகல் 12, இங்க மாலை 5.30. துபாயில் இறங்குவது, அங்க வெள்ளி ஒன்றே கால், இங்க நள்ளிரவு தாண்டி 2.45. கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் வலப்பக்கத்தை மட்டும் படித்துச் சொல்லுங்கள் என்றேன். அதற்குப் பிறகு யாரும் குழம்பவில்லை. சாவு வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்த நேரம் கொடுக்கிற தைரியம் பெரிது. அன்று பகல் முழுக்க அந்த நோட்டு நாற்காலி விட்டு நாற்காலி போய்க்கொண்டே இருந்தது.

இளைய மகன் ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டார். வழக்கமாக அரை நாள், ஒரு நாளுக்குத்தான் வாடகைக்கு எடுப்பார்கள். இங்கே முப்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டியிருந்தது. ஊரில் எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. வீட்டு இன்வெர்ட்டர் அந்தக் கம்ப்ரஸரை அதிக நேரம் இழுக்காது. ஆகவே பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். இரவில் ஒரு முறை கரண்ட் போனது, இரண்டு நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. விமான நேரத்தைக் கணக்கிடுகிறவர்கள் இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து.

வானத்தில்

முதல் விமானம் குறித்த நேரத்துக்கு முன்பே லண்டனில் இறங்கியது. அதிர்ஷ்டம் என்றார்கள். குளிர்காலத்தில் அட்லாண்டிக் மேல் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று வேகம் கூடும். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். திரும்பிப் போகும்போது முகத்தில் அடிக்கும். டல்லஸிலிருந்து துபாய்க்குப் பதினைந்து மணி நேரத்துக்குள் வரும் அதே தடத்தில், துபாயிலிருந்து டல்லஸுக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூரம் மாறுவதில்லை. போன் காட்டும் பதினேழு மணி நேரம் போகவும் வரவும் ஒன்றாக இருப்பதே, அது காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

லண்டனில் இரண்டேகால் மணி நேரம், துபாயில் ஒன்றரை மணி நேரம். துபாயில் எனக்குப் பயம் இருந்தது. பெட்டி போட்டிருந்தால் அந்த இடைவெளியில் பெட்டி மாறாமல் போகலாம், சென்னையில் அதற்குப் புகார் எழுதிக்கொண்டு நிற்க நேரும். பையோடு மட்டும் வந்ததால் ஓடிப்போய் ஏறிவிட்டார்.

சென்னையா, திருச்சியா

இந்த நிகழ்வில் என் மனதை அதிகம் அரித்தது கடைசி முந்நூறு கிலோமீட்டர்தான். பதினாறாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த பிறகு, ஊர்ப் பக்கம் வந்து தோற்றுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்னை விமான நிலையத்திலிருந்து காரில் வந்தால் திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் என்று வர வேண்டும். ஆறரை, ஏழு மணி நேரம் வைத்துக்கொள்வேன். வெளியே வந்து காலை ஒன்பதே காலுக்குக் கிளம்பினால் மாலை மூன்றே முக்கால், நாலே கால். கெடு நாலு மணி. வழியில் ஒரு டயர் பஞ்சர் ஆனால்கூடப் போச்சு. ரயிலும் உதவாது, சோழன் அந்த நேரத்துக்கு எழும்பூரை விட்டுக் கிளம்பியிருக்கும், உழவன் இரவில்தான்.

துபாயிலிருந்தே நேராகத் திருச்சிக்கு விமானம் இருக்கிறதே என்று இளைய மகன் கேட்டார். சரியான கேள்வி. ஆனால் அது வேறு நிறுவனத்தின் தனி டிக்கெட். துபாயில் ஒரு முனையத்திலிருந்து வெளியேறி இன்னொன்றுக்குப் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் அது ஆகாது. வளைகுடாவிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த நேரடித் திருச்சி விமானம் வரப்பிரசாதம். தொலைவிலிருந்து மாறி வருகிறவருக்கு அப்படி இல்லை. திருச்சியில் புது முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது, பெரிதாகவும் அழகாகவும் இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் மட்டும் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கிறது. அதில் நடுத்தர விமானங்கள் வந்து போகின்றன. நீண்ட தூரம் பறக்கும் பெரிய விமானங்கள் முழுப் பாரத்தோடு ஏறி இறங்க அந்த நீளம் போதாது. ஓடுபாதையை நீட்டுங்கள் என்று நம் பக்கத்தினர் வருஷக்கணக்கில் கேட்கும்போது அதைக் கௌரவப் பிரச்சினையாகச் சிலர் பார்க்கிறார்கள். எனக்கு அது தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்துச் சாவு வீடுகளின் பிரச்சினை.

கடைசியில் எடுத்த முடிவு, சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் திருச்சி. பறக்கும் நேரம் ஒரு மணி சொச்சம். 10.55 விமானத்துக்கு நான் வியாழனே டிக்கெட் போட்டு, போர்டிங் பாஸை அவருக்கு அனுப்பிவிட்டேன். இந்தத் திருச்சி விமானம் ரத்தாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்காகச் சென்னையில் ஒரு காரும் வாசலில் நின்றது. அந்த வாடகை வீண் என்று யாரோ சொன்னார்கள். வீண் இல்லை. அந்தக் கார் இருந்ததால்தான் இறந்தவரின் அண்ணனிடம் “நாலரைக்குள்ள கண்டிப்பா எடுத்துடலாம் பெரிய மாமா” என்று மாப்பிள்ளையால் வாக்குக் கொடுக்க முடிந்தது.

சென்னையில் 8.15-க்கு இறங்கினார். குடியேற்றச் சோதனை முடித்து ஒன்பது மணி தாண்டி வெளியே வந்தார். உள்நாட்டு முனையத்துக்கு நடந்தே போனார். பன்னிரண்டு மணிக்குத் திருச்சி. அங்கே தங்கையின் கொழுந்தன் காரோடு நின்றார். துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் வழியாகத் தஞ்சாவூர் புறவழிச் சாலை. அங்கிருந்து அய்யம்பேட்டை, பாபநாசம். இரண்டே கால் மணிக்கு வீட்டு வாசல்.

சேதி கிடைத்ததிலிருந்து வாசல் வரை முப்பத்து மூன்றரை மணி நேரம். அதில் காற்றில் இருந்தது இருபத்தொன்று. மீதி பன்னிரண்டரை மணி நேரம் வீடு, கவுன்டர், காத்திருப்பு, சோதனை, சாலை. பறந்த தூரம் 16,300 கிலோமீட்டர் சொச்சம். போன் காட்டிய பதினேழை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய உண்மை நேரம் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் உள்பகுதியிலிருந்து நம் கிராமங்களுக்கு வருகிறவர்களுக்கு முதல் கேள்வியிலேயே நான் இந்த இரட்டிப்பைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வழியைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்துச் சொல்லிவிட்டுக் கூட்டுவதுதான் கொடுமை. பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் மணிக்கொரு தரம் நேரத்தைத் தள்ளிப் போடும் நிலை அந்த வீட்டுப் பெண்களுக்கு வரக்கூடாது.

நீர்மாலை எடுத்து, வாய்க்கரிசி போட்டு, நாலரை மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. மூத்த மகனே கொள்ளி வைத்தார். இருட்டுவதற்குள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

மனைவியும் பிள்ளைகளும் பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தார்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது. சின்னவனுக்கு இ-விசா வாங்கிக்கொண்டு, அந்த முதல் வழியில், டல்லஸில் பகல் விமானம் ஏறி, துபாயில் ஒரே ஒரு முறை மாறி, இரவில் சென்னையில் இறங்கினார்கள். அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் காலை சோழன் எக்ஸ்பிரஸில் பாபநாசம் பக்கம் வந்தார்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஊரில் இருந்தபோதே சின்னவனின் ஓ.சி.ஐ. விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள்களை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டி இங்கே இருக்கிறார், அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது.